பாலாற்றங்கரைப் பேரங்கள்: பேச இடம் பெறாதோரின் பங்கு

ஆர்க்காட்டுக்கு அருகிலுள்ள பஞ்சபாண்டவ மலையைக் கல்வெட்டுகள் திருப்பான்மலை என்று குறிக்கின்றன. பல்லவ மன்னன் நந்திவர்மனின் ஐம்பதாம் ஆட்சியாண்டில் பொன்னியக்கியார் திருவுருவமும் நாகநந்தி அடிகளின் உருவமும் செதுக்கப்பெற்ற மலை அது. அதே மலையில் முதலாம் இராசராசனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த மற்றொரு கல்வெட்டும் உண்டு. ஏறத்தாழ கி.பி. 993ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, இலாடராசன் வீரசோழன் என்னும் குறுநிலத் தலைவன் திருப்பான்மலைப் பெருமானை வழிபட வந்ததையும், அப்போது அவன் தேவி அவனிடம் ஒரு விண்ணப்பம் வைத்ததையும் கூறுகிறது.

கோயிலுக்கு உரிய பள்ளிச்சந்தத்திலிருந்து முந்தைய தலைவர்கள் 'கற்பூரவிலை' என்னும் வருவாயை எடுத்துக்கொண்டு வந்தனர்; அதனால் பள்ளிச்சந்தம் நலிந்து வந்தது. அந்த வருவாயையும், முறையற்றதென்று கல்வெட்டே பெயரிடும் தறி தொடர்பான ஓர் இறையையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே தேவியின் வேண்டுகோள். தலைவன் அதற்கு இசைந்தான். இசைந்த செய்தி பாறையில் வெட்டப்பட்டது.

இக்கல்வெட்டைப் பக்திச் செயலின் பதிவாகவே நாம் வழக்கமாக வாசிக்கிறோம். ஓர் உடன்பாட்டின் பதிவாகவும் அதனை வாசிக்கலாம். அதில் ஒரு தரப்பு வருவாய் பெறும் தலைவன். மற்றொரு தரப்பாகிய பள்ளியும், அதன் நிலத்தை உழுதவரும், தறி நெய்தவரும் அவ்விடத்தில் பேசவில்லை. அவர்களுக்காக, அந்த வரியால் எந்த ஆதாயமும் இழப்பும் நேரிடையாக இல்லாத ஒருவர் பேசினார். எது விடப்பட வேண்டும் என்பது பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. முடிவு எவரும் வந்து காணும் இடத்தில் எழுதி வைக்கப்பட்டது.

இம்மூன்று கூறுகளையும் மனத்திற்கொண்டு, அதே பாலாற்றுச் சமவெளியில் கடந்த முந்நூறு ஆண்டுகளுக்குள் நடந்த சில பேரங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்னும் ஊர்களை இன்று தோல் தொழிலின் பெயரால் அறிகிறோம். அரசுரிமையும் ஆற்று நீரும் அடுத்தடுத்துப் பேரம் பேசப்பட்ட நிலமும் இதுவே.

ஆம்பூர், 1749

1748ஆம் ஆண்டில் ஐதராபாத்து நிசாம் ஆசப் சா மறைந்தார். அவருடைய மகன் நாசிர் சங்கும் மகள்வழிப் பேரன் முசாபர் சங்கும் அரசுரிமைக்குப் போட்டியிட்டனர். ஆர்க்காட்டு நவாப் பதவியை நாடிய சந்தா சாகிபு, 1741இல் திருச்சிராப்பள்ளியில் மராட்டியரிடம் சிறைப்பட்டுப் பல ஆண்டுகள் அவர்கள் காவலில் இருந்தவர். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துணையோடு மீட்புத்தொகைக்கு வழி காணப்பட்டு அவர் விடுதலை பெற்றார்.

அதன்பின் உருவானது ஒரு முத்தரப்பு உடன்பாடு. முசாபர் சங்குக்குத் தக்காணம். சந்தா சாகிபுக்கு ஆர்க்காடு. படை தந்து உதவும் பிரெஞ்சுக்காரருக்கு நிலமும் செல்வாக்கும். 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிச் சென்றார். வில்லியனூர், பாகூர் முதலிய பகுதிகள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. போர் ஒரு நாளில் முடிந்தது. பேரமோ பல மாதங்களாகத் திண்ணையிலும் தர்பாரிலும் நடந்து முடிந்திருந்தது.

இத்தகைய பேச்சுக்களின் நடுவில் நின்றவர்கள் துபாஷிகள். இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். இரு தரப்பின் மனத்தையும் அறிந்தவர் என்பதே நடைமுறைப் பொருள். அக்காலப் புதுச்சேரியின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, யார் யாருக்கு எத்தகைய மரியாதை செய்யப்பட்டது, எவர் எத்தொகை கேட்டார், எச்சொல் எம்முறையில் மொழிபெயர்க்கப்பட்டது என்பவற்றை நமக்குக் காட்டும் அரிய ஆவணமாகும்.

அந்த முத்தரப்பு உடன்பாட்டின் ஆயுள் குறுகியது. நாசிர் சங்கு 1750இல் செஞ்சிக்கு அருகில் கொல்லப்பட்டார். முசாபர் சங்கு 1751இல் மாண்டார். சந்தா சாகிபு 1752இல் தலை இழந்தார். டூப்ளே 1754இல் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். பங்கு பிரித்துக்கொண்டவர் எவரும் தம் பங்கை ஐந்தாண்டு முழுமையாக நுகரவில்லை. அப்பங்குகளுக்கான விலையைக் கொடுத்தவர்களோ படைகள் மிதித்துச் சென்ற கழனிகளின் உழவர்கள்.

கடனாளி நவாபும் வரி கட்டிய உழவரும்

ஆங்கிலேயரின் துணையோடு நவாபான முகமது அலி, போர்ச் செலவுக்காகவும் அரண்மனைச் செலவுக்காகவும் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் பலர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களே. கடனுக்கு ஈடாக அவர் எழுதிக் கொடுத்தவை பொன்னும் மணியும் மட்டுமல்ல. வரவிருக்கும் ஆண்டுகளின் நிலவரி வருவாயையும் எழுதிக் கொடுத்தார். சீமை சீமையாக வரி வசூல் கடன்காரர்களின் கணக்குக்கு மாற்றப்பட்டது.

அக்கணக்கில் நெல் விளைவித்தவர் கையெழுத்திடவில்லை. தம் வயலின் அடுத்த ஆண்டு விளைச்சல் சென்னையில் வட்டிக்கு ஈடாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர் அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை. 'ஆர்க்காட்டு நவாபின் கடன்கள்' இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை சென்றன. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் அங்கு ஆற்றிய உரை, கடன் கொடுத்தவர்களின் சூழ்ச்சியையும் கருநாடகத்து மக்களின் துயரத்தையும் விரித்துரைத்தது. ஆயினும் கடன்கள் ஏற்கப்பட்டன. இறுதியில் 1801 சூலை 31ஆம் நாள் அசீம் உத் தௌலாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாக, கருநாடகத்தின் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் கம்பெனியிடம் சேர்ந்தது. நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது.

ஆட்சி மாற்றம் போரால் நேர்ந்ததாக நாம் நினைக்கிறோம். ஆர்க்காட்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் வட்டியால் நேர்ந்தது.

கேட்கப்படாத விண்ணப்பம்: வேலூர், 1806

பேச்சுக்கு இடம் மறுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு வேலூர்க் கோட்டை சான்று. 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய உடை விதிகள் வந்தன. சமயக் குறிகள் அணியக்கூடாது. தாடி மழிக்கப்பட வேண்டும். புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். அத்தலைப்பாகையில் தோலாலான ஓர் அணி இருந்தது. அத்தோல் எவ்விலங்கினுடையது என்னும் ஐயம் இந்து வீரர்களையும் இசுலாமிய வீரர்களையும் ஒருங்கே வருத்தியது.

1806 மே மாதத்தில் வேலூரிலிருந்த வீரர்கள் தம் மறுப்பை வெளிப்படையாகத் தெரிவித்தனர். அது கலகமன்று, முறையீடு. விடையாக 21 வீரர்கள் விசாரணைக்குச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டதால் தண்டனையிலிருந்து தப்பினர். மேலதிகாரிகள் இதனோடு சிக்கல் தீர்ந்தது என்று எண்ணினர்.

சூலை 10ஆம் நாள் விடியற்காலையில் வேலூர்ப் புரட்சி வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் மடிந்தனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெசுபியின் குதிரைப்படை கோட்டையை மீட்டபோது இந்திய வீரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். அதன்பின் உடை விதிகள் கைவிடப்பட்டன. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். மே மாதத்தில் ஓர் ஆணையைத் திரும்பப் பெறுவதால் கிடைத்திருக்கக்கூடியதை, சூலையில் அத்தனை உயிர்களைக் கொடுத்துப் பெற்றனர்.

ஆற்றைப் பற்றிய உடன்படிக்கை, 1892

அடுத்தது இரு அரசுகள் அமர்ந்து பேசி, பொறுமையாக எழுதிய ஓர் ஆவணம். 1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் மரபிடம் ஒப்படைக்கப்பட்டபின், அவ்வரசு தன் பழைய ஏரிகளைச் செப்பனிடவும் புதியன கட்டவும் முனைந்தது. கீழ்ப்பகுதியிலிருந்த சென்னை மாகாணம் கவலைகொண்டது. பேச்சுவார்த்தைக்குப்பின் 1892 பிப்ரவரி 18ஆம் நாள் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பட்டியலில் இடம்பெற்ற ஆறுகளுள் பாலாறும் ஒன்று.

அவ்வுடன்படிக்கையின் அமைப்பு கவனிக்கத்தக்கது. பட்டியலிட்ட ஆறுகளின் குறுக்கே மைசூர் அரசு புதிய பாசனத் தேக்கங்களைக் கட்டுமுன் சென்னை அரசின் இசைவைப் பெற வேண்டும். சென்னை அரசும் தன் விருப்பப்படி இசைவை மறுத்தல் இயலாது. ஏற்கெனவே நடைமுறையில் உள்ள பாசன உரிமையைக் காக்கும் அளவுக்கே மறுக்கலாம். கருத்து வேறுபாடு எழுந்தால் நடுவரிடம் செல்லலாம். இரு தரப்பையும் ஒருசேரக் கட்டும் விதிகள் இவை. காவிரிப் பூசலிலும் பெண்ணையாற்றுப் பூசலிலும் இன்றளவும் இந்த உடன்படிக்கை எடுத்துக்காட்டப்படுவதற்கு அதன் எழுத்துத் தெளிவு ஒரு காரணம்.

பாலாறு ஏறத்தாழ 348 கி.மீ. நீளமுடையது. கருநாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழகத்தில் 222 கி.மீ. என்பது அதன் கணக்கு. 1892இல் குப்பம் பகுதியும் சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. அதாவது அன்று அப்பகுதியினர் கீழ்ப்பாசனத்தாரின் பக்கமே அமர்ந்திருந்தனர். மாநில எல்லைகள் மாறியபின் அவர்களே மேற்கரையினர் ஆயினர். குப்பத்துக்கு அருகில் கணேசபுரத்தில் அணை கட்டும் ஆந்திர அரசின் முயற்சியை எதிர்த்துத் தமிழக அரசு 2006இல் உச்ச நீதிமன்றம் சென்றபோது, பழைய உடன்படிக்கையின் பொருள் மீண்டும் பேசுபொருளாயிற்று.

எனினும் 1892இன் உடன்படிக்கை நீரின் வரவைப் பற்றி மட்டுமே நினைத்தது. வந்த நீர் எந்நிலையில் இருக்கும் என்று அதனை எழுதியவர்கள் நினைக்கவில்லை. நினைக்க வேண்டிய நிலை அன்று உருவாகவும் இல்லை.

துண்டின் கீழ் விரல்கள்

வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் வாங்குபவரும் விற்பவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரல்களைப் பற்றி விலை பேசுவது நெடுங்கால வழக்கம். எத்தனை விரல், எந்த மடிப்பு என்பது இருவருக்கும் அவர்களை இணைக்கும் தரகருக்குமே தெரியும். சுற்றி நிற்போர் முகங்களை மட்டுமே காண்பர். இவ்வழக்கத்தில் நன்மை உண்டு. வறுமையால் குறைந்த விலைக்கு விற்பவரின் மானம் காக்கப்படுகிறது. ஒரு பேரத்தின் விலை அடுத்த பேரத்தைக் கெடுப்பதில்லை. கை விலகி, அச்சாரம் மாறியபின் சொல் மாறினால் அவருக்குச் சந்தையில் மதிப்பில்லை.

இவ்வட்டாரத்தின் தோல் வணிகமும் சொல்லையும் முன்பணத்தையும் நம்பியே வளர்ந்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் எளிதில் கிடைத்தன. பாலாற்று மணலில் ஊற்று நீர் வற்றாதிருந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை தொடங்கிய இருப்புப்பாதை விரைவில் மேற்கே நீண்டது. ஆவாரம் பட்டையால் பதனிட்ட தோல் சென்னை வழியாக இலண்டன் ஏலத்துக்குச் சென்றது. பெரியமேட்டின் தோல் மண்டிகள் பதனிடுவோருக்கு முன்பணம் தந்து, சரக்கைப் பெற்று, தரகும் வட்டியும் கழித்துக்கொண்டு கணக்குத் தீர்த்தன. இத்தொழிலில் ஈட்டிய செல்வத்திலிருந்து இவ்வட்டார இசுலாமியப் பெருமக்கள் நிறுவிய பள்ளிகளும் கல்லூரிகளும் அனைத்துச் சமயப் பிள்ளைகளுக்கும் கல்வி தந்து வருவதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

முதல் உலகப்போரின்போது பேரத்தின் தன்மை மாறியது. படைவீரர் காலணிகளுக்குச் சென்னைத் தோல் தேவைப்பட்டதால், 1916 முதல் அரசே விலை குறித்து மொத்தமாக வாங்கியது. ஏலத்தில் பல வாங்குவோர் இருந்த இடத்தில் ஒரே வாங்குவோர் வந்தார். போருக்குப்பின் 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது; பேரரசுக்குள் பதனிடச் செல்லும் தோலுக்குச் சலுகையும் தரப்பட்டது. அதை எதிர்த்துப் பச்சைத் தோல் வணிகர்களும் ஆதரித்துப் பதனிடுவோரும் வாதிட்டனர். 1923இல் வரி 5 விழுக்காடாகக் குறைந்தது.

விடுதலைக்குப்பின் 1970களின் தொடக்கத்தில், சீதாராமய்யா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, பச்சைத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு வகுக்கப்பட்டது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியுமே நாட்டுக்கு மிகுந்த அன்னியச் செலாவணியைத் தரும் என்பது கொள்கை. அரசும் தொழில் முனைவோரும் நெடிது பேசினர். கடன் வசதி, இயந்திர இறக்குமதி, ஏற்றுமதிச் சலுகை என்பன முடிவாயின. ஆம்பூர் காலணித் தொழிலின் ஊராக உயர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், வேலை பெற்றனர்.

அப்பேச்சில் பாலாறு இடம்பெறவில்லை. ஆவாரம் பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பு பரவியது. தோல் கெடாதிருக்கத் தடவிய உப்பும், சுண்ணாம்புக் குழிகளின் கழிவும், குரோமியமும் கலந்த நீர் நிலத்திலும் ஆற்றுப்படுகையிலும் விடப்பட்டது. துண்டின் கீழ் இருவர் விரல் பிடித்த பேரத்தின் விலையை அருகில் நின்ற மூன்றாமவர் கொடுத்தார். தம்மிடம் விலை வாங்கப்படுகிறது என்பதையே அவர் கிணற்று நீர் உவர்த்தபின்தான் அறிந்தார்.

கால அவகாசம் என்னும் நாணயம்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வுச் செய்தியை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதையும் அது குறித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையையும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்னும் கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இழப்பைக் கணிக்கத் தனி ஆணையம் அமைக்கப் பணித்தது.

அத்தீர்ப்பில் நம் கருத்துக்கு உரிய செய்தி ஒன்றுண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பின்னர் நீதிமன்றமும் மீண்டும் மீண்டும் கால அவகாசம் தந்தும், பலர் சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்கவில்லை என்று நீதிபதிகள் வருந்தினர். அவகாசமே அங்கு பேரத்தின் நாணயமாகச் செலாவணியானது. சிறு தொழில் என்பது ஒரு காரணம். நிதியில்லை என்பது மற்றொன்று. மானியம் வரட்டும் என்பது பிறிதொன்று. இக்காரணங்களில் உண்மையும் இருந்தது. சிறிய டேனரி ஒன்று தனக்கெனச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது அரிது. அதனாலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தோன்றின.

ஆனால் அதே காலத்தின் மற்றொரு நிகழ்ச்சியை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1990ஐ ஒட்டிச் செருமனி, பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லி கலந்த தோலைத் தடைசெய்தது. 1994இல் சிலவகை அசோ சாயங்களையும் தடைசெய்தது. வாங்குபவரின் அந்நிபந்தனைக்குத் தமிழகத் தோல் தொழில் சில ஆண்டுகளுக்குள் இணங்கியது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு மாற்றுப் பொருள்கள் கண்டறியப்பட்டன, சோதனைக்கூடங்கள் அமைந்தன, அரசு துணை நின்றது. அதே தொழில், அதே முதலீட்டுத் தட்டுப்பாடு, அதே ஆண்டுகள். செருமானிய வாங்குவோரிடம் சரக்கைத் திருப்பி அனுப்பும் வலிமை இருந்தது. துத்திப்பட்டிலோ மேல்விசாரத்திலோ தென்னை வைத்திருந்த உழவரிடம் திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை. ஆகவே ஒருவருக்கு விரைவும் மற்றவருக்கு அவகாசமும் விடையாயின. நீதிமன்றம் செய்தது, இரண்டாமவருக்கும் பேசும் வலிமையைத் தந்ததே.

ஆணையம் 2001 மார்ச்சு 7இல் தன் தீர்வை அளித்தது. பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். இழப்பீடு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய். சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. மேல்முறையீடுகளும் வசூல் தடைகளும் தொடர்ந்தன. இதற்கிடையில் 2015 சனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிய 10 தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உழவருக்கேனும் மன்றமும் வழக்கும் இருந்தன. இவர்களுக்கு அதுவும் இல்லை.

2025 சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, இழப்பீடு இன்னும் பெறாதவர்களுக்கு மாநில அரசு முதலில் வழங்கி, பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்குமாறு பணித்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் பாலாற்றின் மீட்புக்கெனக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. பணம் ஒருமுறை கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. கெட்ட நிலமும் நீரும் பழைய நிலைக்கு மீளும்வரை பொறுப்புத் தொடரும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நம் கணக்கு

தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவர் குடியினர். ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர்ப் பகுதிகளில் நம் முன்னோர் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தனர். தோல் தொழிலை நாம் செய்வதில்லை. அகிம்சை நெறி அதற்கு இடம் தருவதில்லை. இதனால் பாலாற்றின் வழக்கு நமக்கு வெளியே உள்ளது என்னும் எண்ணம் நம்மிடையே இயல்பாக நிலவுகிறது. அது முழுமையான கணக்கன்று. செய்யாறு பாலாற்றில் சேர்கிறது. இவ்வட்டார நகரங்களில் கடையும் வீடும் உள்ள நம் குடும்பங்கள் இதே ஆற்றுப்படுகையின் நீரைக் குடிக்கின்றன. தோலைத் தொடாத கையும் அந்நகர வணிகத்தின் பயனைத் தொடுகிறது.

மேலும், உமாசுவாதி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தார் விரதங்களுக்கு நேரும் குற்றங்களை வரிசைப்படுத்துகிறது. கள்ளாமை விரதத்தின்கீழ், குறைந்த அளவால் கொடுத்து மிகுந்த அளவால் வாங்குதலும், போலிச் சரக்கைக் கலத்தலும் குற்றங்களாகச் சொல்லப்படுகின்றன. வாய்மை விரதத்தின்கீழ்ப் பொய்ப் பத்திரம் எழுதுதலும், நம்பி வைத்த அடைக்கலப் பொருளை மறைத்தலும் அடங்கும். இவை அனைத்தும் பேரம் நடக்கும் இடத்தைக் குறித்த அறங்கள். வாணிகத்தை விலக்காமல், வாணிகத்தின் அளவுகோலையும் பத்திரத்தையும் தூய்மைப்படுத்த முனைந்த நெறி அது.

ஊற்று நீரும் வருங்காலத்தார் நம்மிடம் வைத்த அடைக்கலப் பொருளே என்று கொண்டால், அவ்வறம் பாலாற்றங்கரைக்கும் பொருந்தும். விலைக்குள் கணக்கிடாமல் அடுத்தவர் கிணற்றின்மேல் ஏற்றிய செலவு, குறைந்த அளவால் கொடுத்ததற்கு ஒப்பாகும். இது டேனரி நடத்துபவருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஆழ்துளைக் கிணற்று நீரை லாரியில் விற்பவருக்கும், ஏரிக்கரை நிலத்தை மனையாக்கி விற்பவருக்கும், வாங்குபவருக்கும், மூத்தோர் சொத்தை அயலூரிலுள்ள பங்காளியைக் கேளாமல் முடிப்பவருக்கும் அதே கேள்வி உண்டு: இப்பேச்சில் இல்லாத எவருடைய பங்கு இதில் சேர்ந்துள்ளது?

செய்யக்கூடியவை சிலவும் உள்ளன. இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் இருந்து, பணம் பெறாமல் மறைந்த பெரியோரின் வாரிசுகள் இன்று பல ஊர்களில் சிதறி வாழ்கின்றனர். பாலாற்றுப் பகுதியில் நிலம் உடைய குடும்பங்கள் தம் பழைய பட்டா, அடங்கல், ஆணைய அறிவிப்பு ஆகியவற்றைத் தேடி எடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தம் நிலையைக் கேட்டறிதல் நலம். எழுதப் படிக்க வசதியற்ற அயல் நிலத்தாருக்கும், நம் நிலங்களைக் குத்தகைக்கு உழுதவருக்கும் அதே உதவியை நம் இளைஞர்களும் வழக்கறிஞர்களும் செய்து தரலாம். பட்டாவில் பெயரில்லாத குத்தகையாளரும் கூலியாளும் இழப்பீட்டுக் கணக்கில் எளிதில் விடுபடக்கூடியவர்கள். அவர்களுக்காகப் பேச முற்படுபவர் அதனால் தமக்கு ஆதாயம் எதுவும் எதிர்பாராதவராக இருத்தல் சிறப்பு. திருப்பான்மலையில் இலாடராசனின் தேவி செய்தது அதுவே. அவள் சொன்ன சொல் இன்றும் அங்கு வாசிக்கக் கிடைக்கிறது.